திதியை வைத்து நிலவைப் படிப்பது: வளர்பிறை முதல் கிரகணம் வரை முழுமையான வழிகாட்டி

தொலைநோக்கி வாங்கியவர்கள் பெரும்பாலும் பௌர்ணமியன்றுதான் அதை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நிலவைப் பார்க்க அதைவிட மோசமான நாள் கிடையாது. அன்று சூரியன் நமக்குப் பின்னாலிருந்து நேராக நிலவின் முகத்தில் அடிக்கிறது. அங்கே மலைக்கும் நிழலில்லை, பள்ளத்துக்கும் நிழலில்லை. கண் கூசும் வெள்ளைத் தட்டில் சில சாம்பல் திட்டுகள் தெரியும், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் ஆர்வம் வடிந்து, கருவி பரணுக்குப் போய்விடும்.

பார்க்க வேண்டியது ஒளிர்ந்த பகுதியை அல்ல, வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டை. வளர்பிறையில் அந்தக் கோட்டில் நிற்கும் இடத்துக்கு அது சூரியோதயம், தேய்பிறையில் அஸ்தமனம். வெயில் சாய்ந்து விழுவதால் நூறு மீட்டர் மேடுகூட நீண்ட நிழல் போடும். இந்த ஒளி எல்லை நிலவின் நடுக்கோட்டில் (பூமத்திய ரேகை போல இரு முனைகளுக்கும் நடுவே சுற்றிவரும் கோடு) மணிக்குச் சுமார் 15 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 12 பாகை. நேற்று தெரிந்த காட்சி இன்று இருக்காது. ஆகவே எந்த இரவில் எது எல்லையில் நிற்கும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்கான அட்டவணை வீட்டு நாட்காட்டியிலேயே இருக்கிறது.

திதிக் கணக்கு

சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலுள்ள கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. 30 திதி சேர்ந்தால் 360 பாகை, ஒரு சுற்று. இதற்குச் சராசரியாக 29.53 நாள் ஆகிறது. நிலவின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு திதியின் நீளமும் சுமார் 20 மணியிலிருந்து 27 மணி வரை மாறும். அமாவாசை என்று வானியல் சொல்லும் கணம் அமாவாசைத் திதி முடியும் நேரம். முழுநிலவின் கணம் பௌர்ணமித் திதி முடியும் நேரம். சரியாகப் பாதி ஒளிர்வது அஷ்டமியின் நடுவில், கோணம் 90 பாகை ஆகும்போது.

நிலவின் நமக்குத் தெரியும் முகத்தில் நட்ட நடுவில் வடக்கு தெற்காக ஓடும் கோடு 0 பாகை தீர்க்கரேகை. வளர்பிறையில் முதலில் ஒளிரும் விளிம்பு 90 பாகை கிழக்கு, மறு விளிம்பு 90 பாகை மேற்கு. இனி கணக்கு:

1. திருக்கணித பஞ்சாங்கத்தில் அன்று இரவுக்கு முன் எந்தத் திதி முடிந்தது என்று பாருங்கள். வாக்கிய பஞ்சாங்கத்தின் திதி நேரம் உண்மையான நிலவிலிருந்து சில மணி நேரம் விலகக்கூடும். இந்த வேலைக்கு அது வேண்டாம்.

2. முடிந்த திதியின் எண்ணை 12 ஆல் பெருக்குங்கள். நடப்புத் திதியில் பாதி கழிந்திருந்தால் 6 கூட்டுங்கள்.

3. 90இலிருந்து அதைக் கழியுங்கள். விடைதான் ஒளி எல்லை நிற்கும் தீர்க்கரேகை. விடை நேர் எண் என்றால் கிழக்கு, குறை எண் என்றால் மேற்கு.

பஞ்சமி முடிந்திருந்தால் 60 பாகை. 90இலிருந்து கழித்தால் 30 கிழக்கு. தசமி முடிந்திருந்தால் 120, அதாவது 30 மேற்கு. தேய்பிறைக்கும் இதே எண்கள் பொருந்தும். அப்போது அந்த இடத்தில் சூரியன் மறைந்துகொண்டிருக்கும், நிழல்கள் எதிர்ப்பக்கம் விழும்.

இந்த விடையில் எட்டுப் பாகை வரை பிழை வரலாம். நிலவு தன் ஒரே முகத்தை நமக்குக் காட்டினாலும் லேசாகத் தலையாட்டுகிறது. பாதை நீள்வட்டம் என்பதால் இடவலமாகச் சுமார் 8 பாகை, அச்சு சாய்ந்திருப்பதால் மேல்கீழாக 7 பாகைக்குச் சற்றுக் குறைவு. இந்த அசைவால்தான் மொத்தப் பரப்பில் 59 சதவீதம் வரை நம்மால் பார்க்க முடிகிறது. எதிர்பார்த்த பள்ளம் ஒளிக்குள் வரவில்லை என்றால் அரை நாள் பொறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

நிலவு எவ்வளவு நேரம் வானில் இருக்கும் என்பதற்கும் திதியே போதும். ஒரு திதிக்கு 2 நாழிகை, அதாவது 48 நிமிடம். திருதியை முடிந்த மாலையில் சூரியன் மறைந்தபின் சுமார் இரண்டேகால் மணி நேரம் பிறை இருக்கும். அஷ்டமி நிலவு நண்பகலில் எழுந்து நள்ளிரவை ஒட்டி மறையும். தேய்பிறையில் இதே கணக்கு உதயம் எவ்வளவு தள்ளிப்போகும் என்பதைச் சொல்லும்.

கருவி: எது போதும், எது வீண்

10x50 பைனாகுலர் இருந்தால் தொடங்கிவிடலாம். சுமார் 50 கி.மீ.க்கு மேற்பட்ட பள்ளங்கள் அதில் தெரியும். ஆனால் கையில் பிடித்துப் பார்த்தால் ஆட்டத்திலேயே பாதி விவரம் போய்விடும். ட்ரைபாடில் மாட்டுங்கள். அதற்கு ‘எல்’ வடிவ அடாப்டர் தேவை. அது இல்லாவிட்டால் சுவரில் சாய்ந்து, முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றுங்கள்.

தொலைநோக்கி என்றால் 70 மி.மீ. லென்ஸ் வகையே நிறைய காட்டும். நிலவின் தூரத்தில் ஒரு வில்நொடி (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) என்பது 1.86 கி.மீ. 100 மி.மீ. கருவி கோட்பாட்டளவில் இரண்டு கி.மீ.க்குச் சற்று மேல் வரை பிரித்தறியும். நடைமுறையில் காற்றின் நடுக்கம் அதை நான்கைந்து கி.மீ. ஆக்கிவிடும். 6 அங்குல டாப்சோனியன் (லென்ஸுக்குப் பதில் குழியாடி உள்ள, எளிய தாங்கியில் நிற்கும் தொலைநோக்கி) கிடைத்தால் வருடக்கணக்கில் அலுக்காது.

உருப்பெருக்கத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் ‘525 மடங்கு’ என்று போட்டிருக்கும். 700 மி.மீ. குவியத் தூரமுள்ள கருவியில் 4 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) போட்டால் 175 மடங்கு, அதன்மேல் 3 மடங்கு பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டும் இடை லென்ஸ்) போட்டால் 525. 60 மி.மீ. லென்ஸுக்கு 120 மடங்கே உச்சம். அதற்கு மேல் போனால் மங்கலான கஞ்சிதான் தெரியும். முதலில் 40–50 மடங்கில் முழு நிலவையும் பாருங்கள், பிறகு 100–120க்குப் போங்கள். கூடவே வரும் 4 மி.மீ. ஐபீஸையும் பிளாஸ்டிக் பார்லோவையும் மறந்துவிட்டு, ஒரு நல்ல 10 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ் வாங்குவது காசுக்குப் பயன்.

மலிவுக் கருவிகளோடு சிலசமயம் ‘சன்’ என்று எழுதிய சிறு கண்ணாடி வரும். ஐபீஸில் திருகுவது. அதை உடனே குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடித்தால் பார்வை போய்விடும். நிலவுக்கான ‘மூன் ஃபில்டர்’ கூச்சத்தைக் குறைக்க மட்டுமே. அதைச் சூரியனுக்குப் பயன்படுத்தவே கூடாது.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகர வெளிச்சம் நிலவுப் பார்வையைக் கெடுக்காது. காற்றுதான் கெடுக்கும். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணி வரை வெப்பத்தைக் கக்கும், பள்ளங்களின் ஓரம் கொதிநீர் போல அலையும். ஏசியின் வெளிப்பெட்டி, தகரக் கூரை, சமையலறைப் புகைபோக்கி ஆகியவற்றுக்கு மேலாகப் பார்க்காதீர்கள். மண் தரையோ புல்தரையோ கிடைத்தால் அங்கே வையுங்கள். கருவியை அரை மணி முன்பே வெளியே வைத்து ஆறவிடுங்கள். ஜன்னல் வழியாகப் பார்ப்பது வீண்வேலை.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒரு பெரிய சாதகம் உண்டு. நிலவு தலைக்கு மேலே வரும். குறைந்த அளவு காற்றைத் துளைத்துப் பார்த்தால் போதும். கழுத்துதான் வலிக்கும், ஆகவே பார்வையைப் பக்கவாட்டில் திருப்பித் தரும் டயகனல் கண்ணாடி தேவை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பொதுவாகத் தெளிவு. அந்த மாதங்களின் வளர்பிறைகளை விட்டுவிடாதீர்கள்.

வரைபடம் ஏன் பொருந்துவதில்லை

இதுதான் பலரைத் திணறடிக்கும் இடம். அச்சிட்ட நிலவு வரைபடங்கள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா போன்ற இடங்களுக்காக வரைந்தவை. அங்கே நிலவு எப்போதும் தெற்கு வானில் ஓடும், வடக்கு முனை ஏறத்தாழ மேலேயே இருக்கும். நம் அகலாங்கில் அப்படியில்லை. கிழக்கில் எழும்போது நிலவின் வடக்கு முனை நமக்கு இடப்பக்கம் இருக்கும். மேற்கில் மறையும்போது அதே முனை வலப்பக்கம். ஒரே இரவில் முகம் ஏறக்குறைய 160 பாகை சுழன்றுவிடுகிறது. மாலையில் தெரிந்த முயலும் பாட்டியும் விடியற்காலையில் தலைகீழாகிவிடுவது இதனால்தான்.

பாடநூலில் வளர்பிறை வலப்பக்கம் ஒளிர்வதாக வரைந்திருப்பார்கள். இங்கே மாலைப் பிறை பெரும்பாலும் படகு போலக் கீழ்ப்பக்கம் ஒளிர்ந்து நிற்கும். வளர்பிறையின் ஒளி எப்போதும் நம் வானத்தின் மேற்குப் பக்கம் (நிலவு வரைபடத்தில் அது கிழக்கு) இருக்கும் என்று நினைவில் வையுங்கள். நிலவு மேற்கே இறங்கும்போது மேற்கு என்பது கீழே. பிற்பகலில் கிழக்கே ஏறும்போது மேற்கு என்பது மேலே. இடம், வலம் என்று மனப்பாடம் செய்தால் இந்த ஊரில் குழப்பம்தான் மிஞ்சும்.

வரைபடத்தைத் திருப்ப ஒரே அடையாளம் போதும்: கிரிசியம் கடல் (நிலவின் கருந்திட்டுகளைக் ‘கடல்’ என்பார்கள்). விளிம்பருகே மற்ற கடல்களோடு சேராமல் தனியாக நிற்கும் கருநீள்வட்டம் அது. வெறும் கண்ணுக்கே தெரியும். எழும் பௌர்ணமியில் அது மேல் பக்கமும், மறையும் பௌர்ணமியில் கீழ் பக்கமும் இருக்கும். கிரிசியத்தை வரைபடத்தில் கண்டுபிடித்து, வானத்தில் உள்ளதுபோலக் காகிதத்தைச் சுழற்றுங்கள்.

அடுத்து, உங்கள் கருவி என்ன செய்கிறது என்று பாருங்கள். பைனாகுலர் உள்ளதை உள்ளபடி காட்டும். டாப்சோனியன் போன்ற நியூட்டன் வகை படத்தை 180 பாகை சுழற்றும். காகிதத்தைத் தலைகீழாக்கினால் போதும். டயகனல் போட்ட லென்ஸ் தொலைநோக்கி மட்டும் கண்ணாடிப் பிம்பம் காட்டும். காகிதத்தை எப்படிச் சுழற்றினாலும் பொருந்தாது. அதற்கு வரைபடத்தைக் கைபேசியில் படமெடுத்து, எடிட்டில் ‘மிரர்’ செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுக்கு இரவு

துவிதியை, திருதியை. மேற்கு அடிவானம் திறந்திருக்கும் இடம் வேண்டும். பிறையின் இருண்ட பகுதி மங்கலாகத் தெரிந்தால், அது பூமியில் பட்டுத் திரும்பிய வெயில். நிலவிலிருந்து பார்த்தால் அப்போது பூமி கிட்டத்தட்ட முழுவட்டமாக ஒளிரும். திருதியையில் லாங்ரெனஸ் என்ற பள்ளம் (சுமார் 130 கி.மீ.), அதற்குத் தெற்கே பெட்டாவியஸ் பள்ளம். பெட்டாவியஸின் தரையில் நடு மலையிலிருந்து ஓரச்சுவர் வரை நேராக ஒரு பிளவு ஓடுகிறது. 60 மி.மீ. கருவியிலேயே தெரியும். ஆனால் திருதியையிலோ பௌர்ணமிக்குப் பிந்திய ஓரிரு இரவிலோ மட்டும்தான்.

சதுர்த்தியில் கிரிசியம் முழுதாக ஒளிக்குள் வந்துவிடும். அதன் கரை மலைகள் கூர்மையாக நிற்கும்.

சஷ்டி சிறந்த இரவுகளில் ஒன்று. தியோபிலஸ், சிரில்லஸ், கேத்தரினா என்று மூன்று பெரும் பள்ளங்கள் வரிசையாக நிற்கும். தியோபிலஸ் 100 கி.மீ. அகலம். சுவர் சிதையாமல், நடு மலையோடு இருக்கிறது. அது சிரில்லஸின் ஓரத்தை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். வெட்டியது இளையது, வெட்டுப்பட்டது மூத்தது. நிலவின் வரலாற்றை அறிஞர்கள் வரிசைப்படுத்தத் தொடங்கியது இந்த எளிய விதியில்தான். கேத்தரினாவின் சுவர் இன்னும் தேய்ந்திருக்கும், அது சிரில்லஸைவிடப் பழையது. அதே இரவில் அமைதிக் கடலின் தெற்கு ஓரமும் நல்ல சாய்வெளிச்சத்தில் இருக்கும். 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 இறங்கிய இடம் அங்கேதான், 23 பாகை கிழக்கில், நடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே. இறங்குகலத்தின் அடிப்பகுதியைப் பூமியிலிருந்து எந்தத் தொலைநோக்கியிலும் பார்க்க முடியாது. நான்கைந்து மீட்டர் அகலப் பொருள் அந்தத் தூரத்தில் வில்நொடியில் நானூறில் ஒரு பங்குதான்.

சப்தமியில் தென்முனைப் பக்கம் போங்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியபோதும் வளர்பிறை சப்தமிதான். இடம் 69 பாகை தெற்கு, 32 பாகை கிழக்கு. அங்கே சூரியன் உதித்துச் சில பாகை மட்டுமே ஏறியிருந்த நேரம். சூரிய ஒளித்தகடுகளுக்கு ஒரு நிலவுப் பகல், அதாவது நம் கணக்கில் இரண்டு வாரம் முழுதாகக் கிடைக்க வேண்டும் என்றே அந்த நாளைத் தேர்ந்தார்கள். விளிம்போரம் என்பதால் பள்ளங்கள் அங்கே நசுங்கிய வளையங்களாகத் தெரியும். அருகிலுள்ள பெரிய அடையாளம் மன்சினஸ் என்ற 98 கி.மீ. பள்ளம். நிலவு தன் தென்முனையை நம் பக்கம் சாய்த்திருக்கும் மாதத்தில் முயன்றால் எளிது.

அஷ்டமியில் நேரம் போவதே தெரியாது. அபெனைன் மலைத்தொடர் 600 கி.மீ. நீளத்துக்கு வளைந்து கிடக்கும். உயரமான சிகரங்கள் 5 கி.மீ.யைத் தாண்டுகின்றன. இருண்ட பக்கத்தில் தனித்தனி ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அவை வெயில் முதலில் தொட்ட சிகரங்கள். முகத்தின் நடுவில் தாலமேயஸ், அல்போன்சஸ், அர்சாக்கெல் மூன்றும் ஒன்றின்கீழ் ஒன்று. அஷ்டமியின் நடுவை ஒட்டிச் சில மணி நேரம் மட்டும் தெற்கே ஒளி எல்லையில் ஓர் ‘எக்ஸ்’ எழுத்து ஒளிரும். மூன்று பள்ளங்களின் சுவர்கள் சந்திக்கும் மேடு அது. நான்கு மணி நேரம் போலத்தான் நிற்கும். ஆகவே எல்லா மாதமும் நம் ஊர் இரவில் கிடைக்காது.

அஷ்டமி முடிந்து நவமி தொடங்கும்போது ‘நேர்ச்சுவர்’. 110 கி.மீ. நீளத்துக்கு அளவுகோல் வைத்துக் கிழித்தது போன்ற கருங்கோடு. செங்குத்துப் பாறை என்றே தோன்றும், ஆனால் உயரம் 300 மீட்டரை ஒட்டித்தான், நடந்து ஏறக்கூடிய சரிவு. தேய்பிறையில் இதே கோடு வெள்ளையாகத் தெரியும், ஏனெனில் அப்போது சரிவின் முகத்தில் நேரே வெயில் படும். நவமியில் டைக்கோவும், தெற்கே 230 கி.மீ. அகலக் கிளேவியஸும். கிளேவியஸின் தரையில் பெரிதிலிருந்து சிறிதாக வளைந்து போகும் பள்ள வரிசை இருக்கிறது. அதில் எத்தனை எண்ண முடிகிறது என்பது உங்கள் கருவிக்கும் அன்றைய காற்றுக்கும் நல்ல சோதனை.

தசமியில் கோபர்நிகஸ். 93 கி.மீ. அகலம், 3.8 கி.மீ. ஆழம், படிப்படியாகச் சரிந்த உட்சுவர். ஒரே ஒரு பள்ளத்தைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். ஒளி எல்லை அதைத் தொடும் மாலையில் கிண்ணம் முழுக்கக் கறுப்பு, ஓரம் மட்டும் ஒளிரும். இரண்டு மணி நேரம் கழித்து மேற்கு உட்சுவரின் மேற்படிகள் வெளிச்சத்துக்கு வரும். பிறகு இருட்டின் நடுவில் சிறு புள்ளி ஒன்று எழும். அது நடு மலையின் உச்சி. அரை மணிக்கு ஒருமுறை பென்சிலால் வரைந்தால் ஒரே இரவில் அங்கே சூரியோதயத்தைப் பின்தொடரலாம்.

ஏகாதசி தொடக்கத்தில் வானவில் விரிகுடா. அதன் தரை இருட்டில் கிடக்க, சுற்றியுள்ள ஜூரா மலைகள் மட்டும் ஒளிரும். இருளுக்குள் நீண்ட பொன்வளைவு வெறும் பைனாகுலரிலேயே தெரியும். துவாதசியில் கேசெண்டியும், நிலவின் மிகப் பிரகாசமான பள்ளமான அரிஸ்டார்கஸும். அதன் பிறகு விளிம்பை நெருங்கிவிடுவதால் சுவாரசியம் குறையும்.

ஒரு மலையை அளப்பது

பார்ப்பதோடு நிற்க வேண்டியதில்லை. நவமி முடிவில் பிளேட்டோவையும் அதன் தெற்கே கடலில் தனியாக நிற்கும் பிகோ மலையையும் பிடியுங்கள். பிளேட்டோ 101 கி.மீ. அகலம், அதுதான் உங்கள் அளவுகோல். 51 பாகை வடக்கில் இருப்பதால் அது நீள்வட்டமாக நசுங்கித் தெரியும். நீண்ட அச்சை மட்டும் அளவாகக் கொள்ளுங்கள்.

ஒளி எல்லையில் அப்போது எந்தப் பள்ளம் நிற்கிறது என்று பார்த்து, அதன் தீர்க்கரேகையை வரைபடத்திலிருந்து எடுங்கள். திதிக் கணக்கைவிட இது துல்லியம். எல்லை 16 பாகை மேற்கில் இருக்கிறது, பிகோ 9 பாகை மேற்கில் இருக்கிறது என்றால் வித்தியாசம் 7 பாகை. பிகோ 46 பாகை வடக்கில் இருப்பதால் சூரிய உயரம் 7 அல்ல. 7இன் சைனை 46இன் கோசைனால் பெருக்கினால் 0.085, அதாவது 4.9 பாகை. நிழலின் நீளம் பிளேட்டோவின் பத்தில் மூன்று பங்கு, 31 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 31ஐ 4.9 பாகையின் டேனால் பெருக்கினால் 2.66 கி.மீ. நிலவு உருண்டை என்பதால் நிழல் சற்று நீண்டு விழும். அதற்காக 31ஐ 31ஆல் பெருக்கி 3,475ஆல் வகுத்தால் 0.28. அதைக் கழித்தால் சுமார் 2.4 கி.மீ., பிகோவின் உயரம். கைபேசிப் படத்தில் பிக்சல் எண்ணி அளந்தால் பத்து இருபது சதவீதப் பிழைக்குள் விடை வந்துவிடும். எல்லைக்கு மிக அருகில், இரண்டு மூன்று பாகைக்குள், அளக்காதீர்கள். அங்கே அரைப் பாகைப் பிழையே விடையைச் சிதைத்துவிடும்.

பௌர்ணமிக்கும் வேலை உண்டு

நிழல் இல்லாத அன்றுதான் நிறம் தெரியும். டைக்கோவிலிருந்து கிளம்பும் வெள்ளைக் கதிர்கள் 1,500 கி.மீ. தூரம் வரை ஓடுகின்றன. மோதலில் தெறித்த புதுத் துகள்கள் அவை. டைக்கோவின் வயது சுமார் 10.8 கோடி ஆண்டு, நிலவுக் கணக்கில் நேற்றுப் பிறந்தது. கோபர்நிகஸுக்கு 80 கோடி. அதன் கதிர்கள் மங்கிவிட்டதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கருந்திட்டுகளான ‘கடல்கள்’ 300 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட எரிமலைக் குழம்பு, பசால்ட். வெளிர்ந்த மேட்டுநிலம் அனார்தொசைட் என்ற பாறை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கிறது. சந்திரயான்-2க்கான இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இஸ்ரோ அதை அரைத்துத்தான் செயற்கை நிலவு மண் தயாரித்தது.

அஷ்டமிப் பாதி நிலவு முழுநிலவில் பாதி வெளிச்சம் தருவதில்லை, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். நிழல்களே காரணம். கேமராவில் ஒரே அமைப்பை வைத்துக்கொண்டு இரண்டையும் எடுத்தால் ஒன்று கெடும். முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/8, நொடியில் 200இல் ஒரு பங்கு. பாதி நிலவுக்கு 50இல் ஒரு பங்கிலிருந்து தொடங்குங்கள்.

தேய்பிறையை யாரும் பார்ப்பதில்லை, தூக்கம் கெடும் என்பதால். ஆனால் நள்ளிரவுக்குப் பின் தளம் குளிர்ந்துவிடும், காற்று அடங்கும், விவரம் இரட்டிப்பாகத் தெரியும். பஞ்சமி இரவில் தியோபிலஸை மறுபடி பாருங்கள். நிழல் எதிர்ப்பக்கம் விழுந்து, வேறு பள்ளம் போலிருக்கும்.

சந்திர கிரகணம்

நிலவின் பாதை பூமியின் பாதைக்கு 5.1 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டும் புள்ளிகளே ராகுவும் கேதுவும். பௌர்ணமி இந்தப் புள்ளிகளுக்கு அருகில் நடந்தால் மட்டும் நிலவு பூமியின் நிழலில் விழும். இல்லாவிட்டால் நிழலுக்கு மேலேயோ கீழேயோ கடந்துவிடும். அந்த வாய்ப்பு சுமார் 173 நாளுக்கு ஒருமுறை வருகிறது. புள்ளிகள் 18.6 ஆண்டில் பின்னோக்கி ஒரு சுற்று வருகின்றன. அதைப் பன்னிரண்டு ராசிகளுக்குப் பங்கிட்டால் வருவதுதான் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ராகு–கேது பெயர்ச்சி.

கிரகணத்தை இந்த வரிசையில் பாருங்கள்.

1. புறநிழல் (பூமி சூரியனை ஓரளவு மட்டும் மறைக்கும் வெளிநிழல்) தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. அதற்காக வெளியே நின்று சலிக்க வேண்டாம். சூரியன் முழுதாக மறைந்த உள்நிழலான கருநிழல் தொடுவதற்கு இருபது முப்பது நிமிடம் முன்பு ஒரு பக்கம் புகை படிந்ததுபோல ஆகும், அப்போது போதும்.

2. கருநிழல் தொட்டதும் கடிகாரம் பாருங்கள். நிழலின் ஓரம் டைக்கோ, கோபர்நிகஸ், பிளேட்டோ, கிரிசியம் ஆகியவற்றைத் தொடும் நேரங்களை எழுதுங்கள். இப்படி எடுத்த அளவுகளிலிருந்துதான் காற்று மண்டலம் பூமியின் நிழலைச் சுமார் 2 சதவீதம் பெரிதாக்குகிறது என்று தெரிந்தது. நிழலின் ஓரம் எப்போதும் வட்டத்தின் வில்லாகவே இருப்பதையும் கவனியுங்கள்.

3. முழு மறைவுக்குச் சற்று முன்பும் பின்பும், ஒளிர்ந்த விளிம்பை ஒட்டி நீலச் சாயல் ஒன்று பைனாகுலரில் தெரியும். ஓசோன் அடுக்கைக் கடந்து வந்த ஒளி அது.

4. முழு மறைவின் நடுவில் வெறும் கண்ணால் நிறத்தை மதிப்பிடுங்கள். கிரகண நிலவின் இருட்டை 0 முதல் 4 வரை சொல்லும் டான்ஜான் அளவில் 0 என்றால் கிட்டத்தட்ட மறைந்தே போகும் கறுப்பு, 2 கருஞ்சிவப்பு, 4 பளிச்சென்ற செம்பு ஆரஞ்சு. பூமியின் விளிம்பிலுள்ள உதயங்களும் அஸ்தமனங்களும் சேர்ந்து தரும் வெளிச்சம் இது. ஆகவே காற்றில் எரிமலைத் தூசி இருந்தால் இருண்டுவிடும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபின், 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்ப்பதில் எந்த ஆபத்தும் இல்லை. நிழலில் விழுந்த நிலவு வழக்கத்தைவிட மங்கலானது, அவ்வளவுதான். சூரிய கிரகணம் முற்றிலும் வேறு. சூரியனைப் பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 12312-2 தரக் கண்ணாடி இல்லாமல் நிமிரக்கூடாது. 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளில் தெரிந்தது போன்ற வளைய கிரகணம் அடுத்து 2031 மே 21 அன்று மதுரை, யாழ்ப்பாணம் வழியாக வருகிறது.

படமெடுப்பவர்கள் முழு மறைவில்தான் தடுமாறுகிறார்கள். வெளிச்சம் பல ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். எஃப்/5.6, ஐஎஸ்ஓ 800 என்றால் ஒரு நொடி தேவைப்படும். ஆனால் நிலையான ட்ரைபாடில் 300 மி.மீ. லென்ஸோடு ஒரு நொடி வைத்தால் நிலவு நகர்ந்து கலங்கும். ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, கால் நொடிக்கு இறக்குங்கள். ஆட்டோஃபோகஸ் இருட்டில் தேடிக்கொண்டே இருக்கும். கிரகணம் தொடங்கும் முன்பே நிலவின் விளிம்பில் குவித்து, மேனுவலுக்கு மாற்றி, லென்ஸ் வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்.

2025 செப்டம்பர் 7 இரவு 11 மணி முதல் 82 நிமிடம் முழு மறைவு இந்தியா, இலங்கை முழுக்கத் தெரிந்தது. அதுபோல இரவில் வசதியாகக் கிடைக்கும் அடுத்த முழு கிரகணம் 2028 டிசம்பர் 31 அன்று. நடுநேரம் இந்திய நேரப்படி இரவு 10:22, முழு மறைவு சுமார் 71 நிமிடம். அதே ஆண்டு ஜூலை 6 நள்ளிரவை ஒட்டி ஒரு பகுதி கிரகணமும் இருக்கிறது, மழை மேகம் விட்டால் ஒத்திகைக்கு நல்லது. டிசம்பர் 31 அன்று நிலவு தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருக்கும். சுற்றிக் கட்டடம் இருந்தாலும் மொட்டை மாடி போதும். பனி இறங்கும் மாதம் என்பதால் லென்ஸில் ஈரம் படியும். அட்டையைச் சுருட்டி முன்பக்கம் ஒரு நீண்ட குழாயாக மாட்டுங்கள், படிந்துவிட்டால் துணியால் துடைக்காமல் ஹேர் டிரையரின் மிதமான சூட்டைக் காட்டுங்கள். புத்தாண்டுப் பட்டாசுப் புகை எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முழு மறைவு முடிந்துவிடும்.